சிறு கடை வைத்திருப்பவர் முகத்தை முறிக்காமல் எல்லை வைப்பது எப்படி?

வீட்டோடு சேர்ந்த கடை, நேரங்காலம் பார்க்காமல் கதவைத் தட்டுகிறார்கள், சொந்தக்காரருக்குக் கடன் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருகோணமலையில், திருக்கடலூர்ப் பக்கம், வீட்டின் முன்னறையில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். எல்லையை ஆள் வந்து நிற்கும்போது தீர்மானிக்காதீர்கள். அப்போது முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். முன்கூட்டியே முடிவெடுத்து, எல்லாருக்கும் ஒன்றாக, கண்ணில் படுகிற இடத்தில் எழுதிப் போடுங்கள்.

நேரம்தான் இருப்பதிலேயே சுலபம். இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிறேன். அதற்குப் பிறகு குழந்தைக்குப் பால்மா, காய்ச்சலுக்குப் பனடோல் என்றால் திறப்பேன். சிகரெட்டுக்கும் சோடாவுக்கும் திறப்பதில்லை. பலகையிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். போனுக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் நல்லது. கடை நேரத்தையும் பூட்டிய பிறகு போக வேண்டிய பதிலையும் பதிந்து வைத்தால், அந்த நேரத்தில் வரும் மெசேஜுக்கு அதுவே பதில் அனுப்பும்.

கடன்தான் உண்மையான பாடு. 'கடன் கிடையாது' என்று எழுதித் தொங்கவிடு என்பார்கள். மீன்பிடியை நம்பியிருக்கும் எங்கள் பக்கம் அது சரிவராது. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றோடு கடல் கொந்தளிக்கும், சின்னப் படகுகள் இறங்காத நாட்கள் நிறைய. அப்போது கைவிட்ட கடைக்குத் தொழில் நடக்கும் காலத்தில் யார் வருவார்கள்? அதை விடுங்கள், பக்கத்து வீட்டில் உலை வைக்காமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவது? ஆகவே கடன் உண்டு, அளவோடு. ஒரு வீட்டுக்கு ஒரு தொகை. அதைத் தாண்டினால் பழையதில் கொஞ்சமாவது கட்டிய பிறகுதான் புதுசு. அரிசி, மா, பருப்பு, சீனி, பால்மா கடன் கொப்பியில் ஏறும். போன் ரீலோட் ஏறாது. அதில் கிடைக்கும் கொமிஷன் சொற்பம், முழுக் காசும் என் கணக்கிலிருந்துதான் முதலில் போகிறது. கொப்பி இரண்டு, ஒன்று அவர்களிடம் இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவோம். அப்புறம், எனக்கு நானே போட்ட எல்லையும் ஒன்று உண்டு: கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாரிடமும் பாக்கி கேட்கமாட்டேன்.

சொந்தக்காரர் விஷயத்தில் சட்டத்தை ஒருமுறை வளைத்தால் முடிந்தது. 2022இல் 400 கிராம் பால்மா 790 ரூபாய்க்குப் போய், அந்த விலைக்கும் கிடைக்காமல் இருந்தபோது, ஒரு மச்சாள் தனக்கு நாலு பைக்கற் ஒளித்து வைக்கச் சொன்னா. "மச்சாள், போர்டில எழுதிக் கிடக்கிறதுதான் எல்லாருக்கும். வீட்டுக்கு ஒண்டு, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதல்ல" என்றேன். சில நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அது நடக்கத்தான் செய்யும், தாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் தெரு முழுக்க அதைப் பார்த்தது. அதன் பிறகு 'உங்கட ஆக்களுக்கு மட்டும்' என்ற பேச்சு எழவில்லை.

இன்னொன்று. கடையில் வேலை செய்யும் ஆளுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை போட்டு, கிழமைக்கு ஒன்றரை நாள் லீவும் கொடுத்திருக்கிறது. முதலாளிக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, நாமேதான் எழுத வேண்டும். நான் ஞாயிறு மத்தியானத்தோடு பூட்டிவிடுகிறேன். வீட்டுக்கு எடுக்கும் சாமானையும் கொப்பியில் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றப் பயமாக இருந்தால், கடன் தொகையிலிருந்து தொடங்குங்கள். அடுத்த மாதம் முதலாம் தேதி என்று வையுங்கள். ஒரு கிழமை முன்பே ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லிவிடுங்கள், மாமா வீட்டுக்கு முதலில்.