ஜானட் பேக்கரோட டைடோ பாட்டு: குரலும் பேஸும் ஒட்டலன்னு கேட்டதுக்கு

பர்செல்ங்கற இங்கிலீஷ் இசையமைப்பாளரோட 'டைடோ அண்ட் ஈனியஸ்' ஆபராவுல (பாட்டு நாடகம்) ராணி டைடோ சாகறதுக்கு முன்னாடி பாடுற பாட்ட, ஜானட் பேக்கர்ங்கற பாடகி பாடினதுல கேட்டுட்டு, குரல் பேஸோட (அடியில ஓடுற கீழ் ஸ்வர வரி) ஒட்டலையே, ரெக்கார்டிங் தப்பான்னு கேட்டிருந்தீங்க. ரெக்கார்டிங்ல தப்பு இல்ல, குரல் பேஸோட சேராம ஓடுதுன்னு நீங்க சொன்னது சரிதான், பர்செல் வேணும்னே அப்படி எழுதிருக்காரு. இறங்கி இறங்கி வர்ற அந்த பேஸ் 5 பார் (தாளக் கட்டம்) நீளம், மொத்தம் 11 தடவ சுத்தி வரும், பாடுறவங்க வரி அது முடியற எடத்துல முடியாம தாண்டிப் போய் அடுத்த சுத்துல விழும்.

"சும்மா மெதுவா பாடுறாங்க, இதுக்கா எல்லாரும் அழறாங்க"ன்னு தோணுதுன்னா அனேகமா போன் ஸ்பீக்கர்ல கேக்கறீங்க. அதுல பேஸ் சரியா வராது, பேஸ் இல்லாம இது பாதிப் பாட்டு.

ஹெட்போன் போட்டு, குரல் இல்லாம வர்ற முதல் சுத்த மட்டும் நாலஞ்சு தடவ கேட்டு மனசுல ஏத்திக்குங்க. அப்புறம் முழுசா ஓடவிட்டு அதையே முனகிட்டு இருங்க. 'ரிமெம்பர் மீ' எடத்துல பேக்கர் ஒரே ஸ்வரத்துல நின்னுட்டு அப்புறம் மேல ஏறுவாங்க பாருங்க, கத்தல் கிடையாது, கெஞ்சல். எனக்கு அதவிட அவங்க நிறுத்தினப்புறம் வயலின்லாம் தனியா இறங்கி வர்ற கடைசி 2 சுத்துதான் தாங்காது.

ஒண்ணு, இது 1961 பதிவு. பழைய வாத்தியம் வச்சுப் பண்ற பதிவுகள்ல சுருதி பெரும்பாலும் அர ஸ்வரம் கீழ இருக்கும், அதோட ஒப்பிட்டு இவங்க ஏத்திப் பாடிட்டாங்கன்னு நெனச்சுடாதீங்க.