சோலார் கோர்ஸுக்குக் காசு கட்ட முதல் இத வாசிங்க தங்கச்சி

களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தாய் போன கிழமை கோல் எடுத்தாங்க. மகன் ஏ/எல் டெக்னோலஜி செய்தவன், கெம்பஸ் கிடைக்காதெண்டு தெரிஞ்சு போச்சு, இப்ப மூணு மாச சோலார் கோர்ஸ் ஒண்டுக்குக் காசு கேட்டு நிக்கிறானாம். "சேர், ஊரெல்லாம் கூரைக்கு மேல பெனல் பூட்டுறாங்கதான், ஆனா இந்த வேலை நாளைக்கும் இருக்குமா, கவர்மெண்ட் ஜொப்புக்குப் போடு எண்டா கேக்கிறானில்ல" எண்டு அழாத குறை. போன்ல அரைவாசிதான் கதைச்சன், மிச்சத்த இங்க எழுதுறன், இதே கேள்வியோட கனபேர் இருக்கிறாங்க.

தங்கச்சி, மகன்ட ஆசையில பிழை இல்ல. காசு கட்டப்போற இடத்ததான் ஒருக்கா யோசிக்கணும்.

என்ட அக்காட மகன் இப்படித்தான் ஒரு தனியார் இடத்துல சேர்ந்தான், பேர் வேணாம். இருபது புள்ளைகளுக்கு மேசையில ஒரே ஒரு இன்வேட்டர் (பெனல் கரண்ட வீட்டுக் கரண்டா மாத்துற பெட்டி), மூணு மாசத்துல அவன் கையில கரண்ட் அளக்கிற மல்டிமீட்டர் ஒருக்காக் கூட வரல்ல. முடிவுல லெமினேட் பண்ணின சேர்டிபிகட் ஒண்டு குடுத்தாங்க. இன்டர்வியூவுக்குக் கொண்டு போக அவங்க கேட்ட முதல் கேள்வி, "என்.வி.கியூ எத்தினையாம் லெவல்?" என்.வி.கியூ எண்டா கவர்மெண்ட் ஏத்துக்கொள்ளுற தேசிய தொழில் தகைமை, அது இல்ல. அக்கா நகை அடகு வச்ச காசு. இண்டைக்கும் அத நினைச்சா எனக்கு மனசு கேக்கிறதில்ல, அதான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்லுறன்.

சோலார் எண்டு தனியா ஒரு தொழில் இல்ல, அது கரண்ட் வேலைட ஒரு கிளை. பெனல கூரைச் சட்டத்துல ஏத்திப் பூட்டுறது ஓரிரு நாள் வேலை, யாரும் பழகலாம். ஆனா வெயில் அடிக்கும் மட்டும் அந்தப் பெனல்ல கரண்ட் இருக்கும், மெயின் சுவிச்ச நிப்பாட்டினாலும் இருக்கும், பல பெனல தொடரா இணைச்சா நூற்றுக்கணக்கான வோல்ட், அதுவும் டீசி, அதாவது ஒரே திசையில ஓடுற கரண்ட், ஒரு கனெக்டர் லூஸாகி நெருப்புப் பொறி பிடிச்சா லேசுல அணையாது. இது தெரியாத புள்ளைய கூரையில ஏத்துறது எனக்குப் பயம். இன்னொண்டு, கல்லடிப் பக்கம் கடற்கரையோரம் பூட்டினதுகளக் கிட்டப் போய்ப் பாருங்க, மலிவு ஆணி போட்ட இடத்துல உப்புக் காத்துப் பட்டு ஆணித் தலையச் சுத்திச் செம்மண் நிறத்துல துரு வழிஞ்சு கிடக்கும். 78 சூறாவளியக் கண்ட ஊர் நம்மட ஊர், கூரையில நிக்கிற பாரத்த சும்மா நினைக்கேலாது. மாரி மாதங்கள்ல வானம் மூடிக் கிடக்க யூனிட் குறையும், வெயில் காலத்துல ஒரு கிலோவாட் பெனலுக்கு நாளைக்கு சுமாரா 4 யூனிட் வரும் எண்டா அத வருஷம் முழுக்க வாக்குக் குடுக்கேலாது. இத வீட்டுக்காரருக்கு முதல்லயே விளங்கப்படுத்தத் தெரிஞ்சவனத்தான் நாளைக்கும் கூப்பிடுவாங்க.

இனி, வேலை நிலைக்குமா எண்ட கேள்வி. மறைக்காமச் சொல்லுறன், பெனல் பூட்டுறத மட்டும் நம்பினா ஆட்டம் இருக்கு. 2016ல சூரிய பல சங்கிராமய எண்ட கூரைச் சோலார் திட்டம் வரக்குள்ள, வீட்டுக்காரர் விக்கிற யூனிட்டுக்கு முதல் ஏழு வருஷம் 22 ரூபா, அதுக்குப் பிறகு 15.50 எண்டு இருந்தது, அதுக்குப் பின்னால விலைய எத்தினையோ தரம் மாத்திப் போட்டாங்க, குறைக்கிற நேரமெல்லாம் பூட்டுற கொம்பனிகள் படுத்திடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். சப்ஸ்டேஷன்ல குரங்கு பட்ட கதையத்தான் எல்லாரும் கதைச்சோம், ஆனா லீவு நாள் பகல்ல பாவனை குறைஞ்சு சோலார் கூடி இருந்ததும் ஒரு காரணம். பெரிய டர்பைன் சுத்துற பாரம்தான் கிரிட்ட, அதாவது நாடு முழுக்க உள்ள கரண்ட் வலையமைப்ப, ஆடாமத் தாங்கிப் பிடிக்கிறது, பெனலுக்கு அந்தப் பாரம் இல்ல. அந்த வருஷம் சித்திரைப் புத்தாண்டு லீவுல கூரைச் சோலார பகல்ல நிப்பாட்டச் சொல்லிக் கேட்டதும் இதாலதான். அப்ப இனி பேட்டரி, கட்டுப்பாட்டு வேலைகளுக்கு ஆள் தேவை, 2030க்குள்ள நாட்டுட மின்சாரத்துல 70 வீதத்த புதுப்பிக்கத்தக்க வலுவில எடுக்கப் போறோம் எண்டு இலக்கு வேற வச்சிருக்கு.

ஆனா நான் இன்னும் கூட நம்புறது கரண்ட மிச்சம் பிடிக்கிற வேலைய. பழைய சீலிங் பேன் 75 வோட், 12 மணித்தியாலம் ஓடினா மாசம் 27 யூனிட், கரண்ட் குறைய இழுக்கிற மோட்டர் உள்ள புது பீஎல்டீசி பேன் 30 வோட் எண்டு வச்சா 11 யூனிட்டுக்குள்ள. ஒரு வீட்டுக்கே இப்படியெண்டா சம்மாந்துறை, அக்கரைப்பற்று அரிசி மில் மோட்டர்கள், பாசிக்குடா ஹோட்டல் ஏசிகள நினைச்சுப் பாருங்க. 2022 ஓகஸ்ட்ல 75 வீதம், 2023 பெப்ரவரியில 66 வீதம் கரண்ட் கட்டணம் ஏறின அடியில இருந்து மில் முதலாளிமார் ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணுறாங்க. எங்க வீணாப் போகுதெண்டு அளந்து காட்டுறவனுக்குக் காசு குடுக்க ஆயத்தம். நிலைபெறுதகு வலு அதிகாரசபையில எனர்ஜி மெனேஜர், எனர்ஜி ஓடிட்டர் எண்டு அங்கீகாரமே இருக்கு, அது மேல படிச்சு எடுக்கிறது. வாகனப் பைத்தியம் உள்ள பொடியன் எண்டா 2025 பெப்ரவரியில இறக்குமதி திறந்த பிறகு எலெக்ட்ரிக் கார்கள் வாறதையும் பார்க்கலாம், 300 வோல்ட்டுக்கு மேல பேட்டரி இருக்கிற காரத் தொட நம்மட கராஜ்கள்ல பழகின கை குறைவு.

எல்லாத்துக்கும் வாசல் ஒண்டுதான், எலெக்ட்ரிக்கல்ல என்.வி.கியூ 4. மஞ்சந்தொடுவாய் டெக்னிக்கல் கொலேஜ்லயோ சம்மாந்துறையிலயோ போய் விசாரிங்க, தொழிற்பயிற்சி அதிகார சபை சென்டர்களையும் விடாதீங்க. என்.வி.கியூ 5, 6 முடிச்சா ரத்மலானை யூனிவொடெக்ல, அதாவது தொழில்நுட்பப் படிப்புக்கான கவர்மெண்ட் பல்கலைக்கழகத்துல, டிகிரி வரைக்கும் போகலாம். கெம்பஸ் கதவு பூட்டினதெண்டு அழுதீங்களே, அது அந்தப் பக்கத்தால திறந்துதான் கிடக்கு. சோலார் கோர்ஸ அதுக்கு மேல செய்யட்டும், அப்பவும் அந்த இடத்துக்கு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுப் பதிவோட அந்தக் கோர்ஸுக்கும் அங்கீகாரம் இருக்கா எண்டு கேளுங்க, ரெண்டும் வேற வேற. கவர்மெண்ட் ஜொப்புக்கும் போடட்டும், படிச்சுக்கொண்டே போடலாம்.

வாற சனிக்கிழமை மகன அனுப்புங்க. வரக்குள்ள வீட்டுக் கரண்ட் பில் ஆறு மாசத்துக்கும் எடுத்துட்டு, வீட்டுல என்னென்ன எத்தினை வோட் ஓடுதெண்டு ஒரு கொப்பியில எழுதிட்டு வரச் சொல்லுங்க, அத வச்சுத்தான் அவனோட கதைக்கப் போறன்.