ஊர்ப் பெயர் இல்லாத கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. ஆனாலும் டிசம்பர் வந்தால் நானும் என் ஒன்பது வயது மகளும் தினமும் இரவு ஒரு கிறிஸ்துமஸ் கதை வாசிப்போம். ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் கஞ்சன் ஸ்க்ரூஜ் கதை அவளுக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். இந்த முறை ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘வான்கா’வை, தாத்தாவுக்குக் கடிதம் எழுதும் ஒரு சிறுவனின் கதையை, வாசித்தேன். முடித்ததும், “லெட்டர் தாத்தாவுக்குப் போய்ச் சேர்ந்துச்சா?” என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. “சேர்ந்தது, தாத்தா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்” என்று சொல்லிவிட்டேன். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, “ஊர்ப் பேரே எழுதலையேம்மா” என்றாள். பேசாமல் தூங்கச் சொன்னேன்.

மதநம்பிக்கை இல்லாமல் இந்தக் கதைகளை ரசிப்பது மேலோட்டமான ரசனையா? எல்லாம் வியாபாரமாகிவிட்ட பிறகு இந்தப் பண்டிகைக்கு என்ன பொருள் மிச்சமிருக்கிறது? குழந்தைகளுக்கு ஏற்ற கிறிஸ்துமஸ் கதைகள் சிலவற்றைச் சொல்ல முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு கதை பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வியாபாரம் பற்றிய கேள்வியையும் விட்டுவிடுவோம்; அது எல்லாப் பண்டிகைக்கும் பொதுவான புலம்பல். நான் பதில் எழுத உட்கார்ந்தது நீங்கள் கேட்காத ஒன்றுக்காக. இருட்டில் உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரி இரண்டு நாட்களாக என்னை விடவில்லை.

நீங்கள் செய்தது தப்பு. அன்பினால்தான் செய்தீர்கள், தெரியும். ஆனாலும் தப்பு. அவள் கதையைக் கவனித்துக் கேட்டிருக்கிறாள். உறையின் மேல் என்ன எழுதியிருந்தது என்று ஞாபகம் வைத்திருக்கிறாள். நீங்கள் அதைத் துடைத்துப்போட்டுவிட்டு, தூங்கு என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு வாசகிக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா?

அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று மறுபடி பாருங்கள். வான்காவுக்கும் ஒன்பது வயதுதான். மாஸ்கோவில் செருப்புத் தைக்கிறவனிடம் வேலைக்கு விடப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு எல்லோரும் தேவாலயத்துக்குப் போனதும் மைக்கூட்டையும் துருப்பிடித்த பேனாவையும் எடுத்து வைக்கிறான். கசங்கிய தாளை பெஞ்சின் மேல் விரித்து, அதன் முன்னால் மண்டியிட்டு எழுதுகிறான். அடிக்கிறார்கள், பசிக்கிறது, என்னைக் கூட்டிக்கொண்டு போ தாத்தா. தாத்தா இருக்கும் பண்ணை வீட்டின் சின்ன எஜமானிதான் அவனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள். நூறு வரை எண்ணவும், நடனமாடவும்கூட. முகவரி எழுத மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ‘கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு’ என்று எழுதுகிறான். தலையைச் சொறிந்து யோசித்து, தாத்தாவின் பெயரையும் சேர்க்கிறான். சட்டையோடு குளிரில் ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போடுகிறான்.

ரஷ்ய மொழியில் அந்த முகவரி இன்று ஒரு சொலவடை. எங்கும் போய்ச் சேராத கடிதத்துக்கு அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் செகாவ் கதையை அங்கே முடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வான்கா தூங்கிவிடுகிறான். கனவில் ஒரு கணப்பு, மேலே ஏறி உட்காரக்கூடிய பெரிய ரஷ்ய அடுப்பு. அதன் மேல் தாத்தா வெறுங்காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, அவன் கடிதத்தைச் சமையல்காரிகளுக்கு வாசித்துக் காட்டுகிறார். பக்கத்தில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கிறது. கடிதம் போய்ச் சேர்கிறது, சகோதரி. அந்தக் கனவில் மட்டும் சேர்கிறது. தாத்தா நிஜமாகவே வந்துவிட்டார் என்று நீங்கள் சொன்ன நிமிடம், அந்தக் கனவுக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. சரி, முகவரி சரியாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தாத்தா என்ன செய்திருப்பார்? அவர் ஒரு இரவுக் காவல்காரர், இன்னொருவர் வீட்டு வேலையாள். வான்காவின் அம்மா இறந்தபின் அவனை முதலில் தாத்தாவோடு சமையலறையில் விட்டு, அப்புறம் அங்கிருந்துதான் மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். தடுக்க முடிகிறவராக இருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பார். இது 1886 டிசம்பர் 25 அன்று ஒரு பீட்டர்ஸ்பர்க் நாளிதழில் கிறிஸ்துமஸ் கதையாக வெளிவந்தது. பண்டிகை நாளில் பேப்பரை விரித்தவர்களின் கையில், அன்றைக்கு 26 வயதான ஒருவர் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டியது அக்கா. எனக்கு எட்டு வயது, காய்ச்சலில் படுத்திருந்தேன். முடிந்ததும் உங்கள் மகள் கேட்டதையே நானும் கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். முகவரியை நான் எழுதித் தருகிறேன் என்றேன். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து பென்சிலைக் கையில் கொடுத்தாள். தாத்தாவின் பெயர் எழுதினேன். இரவுக் காவல்காரர் என்று எழுதினேன். பண்ணை வீட்டுக்காரர் பெயரும் கதையில் இருக்கிறது, அதையும் எழுதினேன். அடுத்த வரியில் ஊர். “ஊர்ப் பேர் என்னக்கா?” அவள் முதலிலிருந்து வாசித்தாள். வரவில்லை. எங்கேயோ தவறவிட்டுவிட்டோம் என்று மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை வாசிக்கும்போது அக்காவின் குரல் கம்மிவிட்டது. அந்த வரி காலியாகவே இருந்தது. அன்றைக்கு அவள் ஏதோ ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தால் நான் சந்தோஷமாகத் தூங்கியிருப்பேன். வான்காவையும் மறந்திருப்பேன்.

டிக்கன்ஸ் கதையில் ஸ்க்ரூஜின் குமாஸ்தாவுடைய நோயாளி மகன் டைனி டிம் பிழைத்துக்கொள்கிறானே என்று கேட்பீர்கள். பிழைக்கிறான். ஆனால் அதற்கு முன்னால், ஆவிகள் காட்டிய எதிர்காலத்தில், ஸ்க்ரூஜ் அவன் சாவைப் பார்த்தாக வேண்டியிருந்தது. காலியான இடத்தையும், ஆளில்லாத ஊன்றுகோலையும் காட்டாமல் ஆவிகள் அவரை விடவில்லை. யாரும் அவரைச் சமாதானப்படுத்தித் தூங்க வைக்கவில்லை. டிக்கன்ஸுக்கும் வான்காவைத் தெரியும். 12 வயதில், அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, பூட்ஸ் பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டியவர் அவர். 1843இல் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் முதலில் நினைத்தார். அதை விட்டுவிட்டு அந்த டிசம்பரில் கதையாகக் கொண்டுவந்தார்.

பண்டிகையின் பொருள் கேட்டீர்களே, பைபிளில் இருக்கும் மூலக் கதைக்கே போங்கள். இயேசுவின் பிறப்பை அதில் லூக்கா, மத்தேயு இருவரும் எழுதியிருக்கிறார்கள். லூக்கா ஒரே வசனத்தில் சொல்லிவிடுகிறார்: சத்திரத்தில் இடமில்லை, பிள்ளையை முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்தினாள். மத்தேயு இன்னும் கடுமையானவர். ஞானிகள் காணிக்கை வைத்துவிட்டுப் போனதும் ஏரோது மன்னன் பெத்லகேமில் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்கிறான். பிள்ளைகளை இழந்து, ஆறுதலை ஏற்காமல் அழுகிற பழைய ஏற்பாட்டுத் தாய் ராகேலை அந்த இடத்தில் நினைவுபடுத்துகிறார் மத்தேயு. நாம் வைக்கும் குடில்களில் இடையர்கள் இருக்கிறார்கள், ஞானிகள் இருக்கிறார்கள், ஆடுமாடுகள் இருக்கின்றன. அந்தத் தாய்மார்களை யாரும் வைப்பதில்லை. மத்தேயு வைத்திருக்கிறார். நற்செய்தி என்று பெயர் வைத்த புத்தகத்தில், இரண்டாவது அதிகாரத்திலேயே அந்த அழுகையையும் எழுதியிருக்கிறார். அதை எடுத்துவிட்டுக் கொண்டாடுகிற சந்தோஷம் எனக்கு வேண்டாம். உங்கள் மகளுக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கதைப் பட்டியல் அப்புறம் அனுப்புகிறேன், அவசரமில்லை. இன்றிரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் சொன்னது பொய்ம்மா, கதையில் அப்படி இல்லை” என்று சொல்லுங்கள். அழுவாள். அழட்டும், எழுந்து போய்விடாதீர்கள். ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்கிறேன் என்று புத்தகத்தைக் கேட்டால் கொடுங்கள். நாங்கள் மூன்று முறை தேடியதை மட்டும் சொல்லாதீர்கள்.