குளிசை குடிச்சதால பயம் கூடுமா?

கேள்வி: டொக்டர் அக்கா, என்ட மகனுக்கு ஒம்பது வயசு, நாலாம் ஆண்டு. ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காம துருதுருவெண்டு இருக்கிற பிரச்சினை எண்டு சொல்லி, ரெண்டு மாசமா காலையில மெதைல்பெனிடேட் குளிசை குடுக்கிறம். வகுப்புல இப்ப இருந்து எழுதுறான் எண்டு டீச்சரே சொன்னா. ஆனா வீட்ட வந்தா சரியான பயம், நகத்தக் கடிச்சு ரத்தம் வருது, சேட்டுக் கொலரெல்லாம் கடிச்சு ஈரம், ராவைக்குத் தனியப் படுக்க மாட்டன் எண்டு அழுறான். மாமி குளிசைய நிப்பாட்டு, கோயில்ல நூல் கட்டுவம் எண்டு நிக்கிறா. நிப்பாட்டலாமா?
- ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, மாமியோட சண்டைக்குப் போகாம நூலக் கட்டுங்க, அதால ஒரு கெடுதியும் இல்ல. குளிசைய மட்டும் நீங்களா நிப்பாட்டவும் வேணாம், கூட்டிக் குறைக்கவும் வேணாம்.

முதல்ல பயம் எத்தின மணிக்கு வருது எண்டு பாருங்க. சாதாரண மெதைல்பெனிடேட் ஒரு மூணு நாலு மணித்தியாலந்தான் நிக்கும், மெதுவாக் கரையிற வகை எண்டா எட்டுல இருந்து பன்னிரண்டு மணித்தியாலம் வரைக்கும் போகும். காலையில குடிச்சு ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள, அதாவது வகுப்புல இருக்கக்குள்ள, படபடப்பு நகம் கடிக்கிறது எல்லாம் வந்தா அளவு அவனுக்குக் கூடவா இருக்கலாம். அப்பிடியில்லாம குளிசை இறங்கிற நேரத்துல வந்து, கொஞ்ச நேரம் அழுது கத்திட்டு மறுகா அடங்கிட்டான் எண்டா அது மருந்து விடுற நேரத்துச் சிணுங்கல், நேரத்தையோ வகையையோ மாத்தினா பெரும்பாலும் சரிவரும்.

ஆனா நீங்க சொல்ற ராப்பயம் எனக்கு இந்த ரெண்டுலயும் சேராத மாதிரித்தான் கிடக்கு. காலைக் குளிசை அந்த நேரத்துக்கு உடம்புல பெரிசா இருக்காது. குளிசை தொடங்க முந்தியும் தனியப் படுக்கப் பயந்தவனா, நல்லா யோசிச்சுப் பாருங்க. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள்ல நாலுல ஒண்டுக்கு மேல பதற்றமும் சேர்ந்தே இருக்கும். முந்தி ஓட்டமும் துள்ளலுமா இருந்ததுல அது வெளியில தெரியல்ல, இப்ப அவன் ஒரு இடத்துல இருக்கக்குள்ள தெரியுது. 2015ல 23 பரிசோதனைகளச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வுல, கிட்டத்தட்ட 3,000 பிள்ளைகள், இந்த வகை மருந்து எடுத்தவங்களுக்குப் பதற்றம் கூடல்ல, மருந்தே இல்லாத வெறும் குளிசை எடுத்தவங்கள விடக் கொஞ்சம் குறைவாத்தான் இருந்திருக்கு. அதுக்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பிடித்தான் எண்டில்ல, சில பிள்ளைகளுக்குக் கூடத்தான் செய்யும். பதற்றந்தான் கூடவா இருக்கு எண்டா அதுக்குக் கதைச்சுக் கதைச்சு மனசப் பழக்கிற வைத்தியம் இருக்கு, அட்டமொக்சிடீன் எண்டு வேற மருந்தும் இருக்கு, அது பிடிக்கக் கிழமைக் கணக்காகும். எது எண்டு உங்கட டொக்டர்தான் சொல்லோணும்.

சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்க. இந்தக் குளிசை பசியக் குறைக்கும், குடுத்த புட்டும் மீனும் அப்பிடியே திரும்பி வருதெண்டா ஒண்டரைக்கு வாறவன் வெறும் வயித்தோட வாறான். நடுங்கிறதும் அழுறதும் பாதி பசியாக் கூட இருக்கும். காலையில முதல் வயிறு நிறையச் சாப்பாடு, மறுகா குளிசை. பின்னேரம் பசி திரும்பக்குள்ள தயிரும் சோறும் குடுங்க, பிளேன்ரீய வெட்டுங்க. நாலாம் ஆண்டெண்டா அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்சிப் சோதினைக்கு ரியூசனும் தொடங்கியிருக்குமே, கிழமையில எத்தின நாள் போறான்? அதையும் எழுதுங்க.

ஒரு கொப்பியில ரெண்டு கிழமைக்குக் குளிசை குடுத்த நேரம், சாப்பிட்டது, பயம் வந்த நேரம், படுத்த நேரம், இவ்வளவும் போதும், ஞாயித்துக்கிழமையையும் விட வேணாம். கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோட போங்க, 'பயப்படுறான்' எண்டு மட்டும் சொன்னா எங்களுக்கு ஒண்டும் பிடிபடாது. ஆனா நெஞ்சு நோவு, மயக்கம், இல்லாதது தெரியுது கேக்குது எண்டு சொல்றது, சாகப் போறன் எண்ட பேச்சு, இதுல ஒண்டு வந்தாலும் கிளினிக் திகதியப் பார்த்துக்கொண்டு இருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க.