வாசகர் கேள்வி – பதில்: லாம்பு அணையாத கிணறு

கேள்வி: எங்கள் தோட்டக் கிணறு 32 அடி. தண்ணீர் இறைக்கும் மிஷினை மேலே வைத்தால் தண்ணீர் ஏறுவதில்லை. அதனால் பெற்றோல் மிஷினை உள்ளே பலகை கட்டி வைத்து இறைக்கிறோம். இறங்கு முன் அரிக்கன் லாம்பை விட்டுப் பார்ப்போம். அணையாவிட்டால் பயமில்லை, நிலக்கரிச் சுரங்கத்திலும் இதுதான் முறை என்கிறார் அப்பா. சரியா?
– வாசகர், வெல்லாவெளி

பதில்: தயவுசெய்து அந்த மிஷினை இன்றே மேலே எடுத்துவிடுங்கள்.

லாம்பு ஒன்றைத்தான் சொல்லும். காற்றில் 20.9 சதவீதம் இருக்கவேண்டிய ஒட்சிசன் 16, 17க்கு இறங்கினால் சுடர் அணையும். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் அது உதவும். உங்கள் கிணற்றில் ஆளைக் கொல்லக்கூடியது மிஷின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 0.64 சதவீதம் இருந்தாலே ஓரிரு நிமிடத்தில் தலையிடிக்கும். கால் மணித்தியாலத்துக்குள் உயிர் போகலாம். அதே காற்றில் லாம்பு நின்று எரியும். சிறிய பெற்றோல் எஞ்சின் கக்கும் புகையிலோ இந்த வாயு பல சதவீதம். எஞ்சினை நிறுத்திய பிறகும் அது கிணற்றுக்குள்ளேயே தங்கிநிற்கும். மிஷின் ஏன் நின்றது என்று பார்க்க இறங்குபவர் இப்படித்தான் அகப்படுகிறார்.

மேலிருந்து உறிஞ்சும் மிஷின் நடைமுறையில் 7 மீற்றருக்குக் கீழிருந்து தண்ணீர் எடுக்காது. உங்கள் ஆழத்துக்குத் தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும் மின்சார மோட்டர்தான் பொருத்தம். ட்றிப் சுவிட்ச் கட்டாயம். ஆள் இறங்கு முன் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும்.

இறங்கியே ஆகவேண்டுமென்றால், காற்றூதியின் குழாயை அடிவரை விட்டு வெளிக்காற்றை ஊதுங்கள். ஆள் உள்ளே நிற்கும்வரை நிறுத்தக்கூடாது. காற்றூதியை எஞ்சின் புகை வராத தூரத்தில் வையுங்கள். வேப்பங்கொத்தை ஏற்றி இறக்குவது காற்றைக் கலக்குமே தவிர, நஞ்சை வெளியேற்றும் என்று நம்பமுடியாது. இறங்குபவர் உடலில் பட்டி, அதில் கயிறு, மேலே இரண்டு பேர். அவர் மயங்கினால் கயிற்றால் தூக்குங்கள், அம்புலன்ஸுக்கு 1990 என்ற எண்ணை அழையுங்கள். பின்னால் ஒருவரும் குதிக்கவேண்டாம். தம்பி விழுந்ததைப் பார்த்து அண்ணன் இறங்கினால் இரண்டு சடலம்.

கேள்வி: அப்படியானால் சுரங்கத்தில் வாயுவை எப்படி முன்கூட்டி அறிகிறார்கள்?
– மாணவி, கல்முனை

பதில்: 1815இல் வந்த டேவி விளக்கில் சுடரைச் சுற்றிக் கம்பிவலை. மெதேன் இருந்தால் சுடருக்கு மேல் நீலத் தொப்பி எழும். ஒட்சிசன் குறைந்தால் மங்கும். காபனோரொட்சைட்டை அது காட்டாது. அதனால்தான் கனேரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். மனிதருக்கு முன்னரே அது சாய்ந்துவிடும். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986இல்தான் குருவிக்குப் பதிலாக மின்னணுக் கருவி கொண்டுவர முடிவாயிற்று.

மெதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். காற்றைவிட இலேசானது என்பதால் உணரியைக் கூரையை ஒட்டித் தொங்கவிடுவார்கள். அமெரிக்க விதிப்படி, நிலக்கரி வெட்டும் இடத்தில் 1 சதவீதம் வந்தால் மின்கருவிகள் நிற்கவேண்டும்; 1.5இல் ஆட்கள் வெளியேறவேண்டும். வெடிக்கும் அளவுக்கு வெகு முன்னரே எச்சரிக்கை. காபனோரொட்சைட்டு மெல்ல மெல்ல ஏறினால், நிலக்கரி தானாகச் சூடேறுகிறது என்று பொருள். சில சுரங்கங்களில் நீண்ட பிளாஸ்டிக் குழாய்களால் உள்காற்றை மேலே உறிஞ்சிச் சோதிக்கிறார்கள். முடிவு வரத் தாமதம்தான், ஆனால் கீழே மின்சாரம் போனாலும் குழாய் வேலை செய்யும்.

கேள்வி: சமையல் வாயு கசிவுக் கருவியைக் கிணற்றில் இறக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கூடாது. அது ஒட்சிசனை அளக்காது. வேண்டியது நான்கு வாயுக் கருவி: ஒட்சிசன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலும், காபனோரொட்சைட்டு மில்லியனில் 35 பங்கையும் ஐதரசன் சல்பைட்டு 10 பங்கையும் தொட்டாலும், எரிவாயு வெடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்தாலும் அலறும். 4 அடிக்கு ஒரு தடவை நிறுத்தி வாசியுங்கள். மேலே நல்ல காற்று இருப்பதால் அடியும் நல்லது என்றாகாது. ஒவ்வொரு நாளும் சோதனை வாயுவைக் காட்டி, கருவி அலறுகிறதா என்று பார்க்கவேண்டும். எரிவாயு உணரி சிலிக்கோன் பட்டால் மரத்துப்போகும். பிறகு ஆபத்திலும் பூச்சியமே காட்டும்.