இரணைமடு நிரம்பினால் ஏன் பயம்?

அன்புள்ள ஐயா,

மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டது என்று செய்தி வந்தால் எங்கள் வீட்டில் பாயசம் வைப்பார்கள். நீங்களோ இலங்கையில் உங்கள் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 36 அடிக்கு வரும் இரவுகளில் தூக்கம் பிடிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளத்தைத் தடுக்கத்தானே அணை? நிரம்பினால் ஏன் பயம்?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்பு நண்பருக்கு,

நிரம்பினால் எங்களுக்கும் சந்தோசம்தான். மாரி தொடங்கிவிட்டால் கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி விலைக்கு முதல் "குளம் எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் இரணைமடு வெள்ளத்துக்காகக் கட்டிய குளம் இல்லை, வயலுக்காகக் கட்டியது. வவுனியாப் பக்கத்திலிருந்து சுண்டிக்குளம் கடனீரேரிக்கு ஓடும் கனகராயன் ஆற்றை மறித்து, பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு மடுக்களை ஒன்றாக்கினார்கள். இரணை என்றால் இரட்டை, பெயரும் அப்படி வந்ததுதான். ஹென்றி பாக்கர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1885இல் திட்டம் போட்டார். வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. பிறகு அணைக்கட்டைப் பல தடவை உயர்த்தினார்கள், கடைசியாக 34 அடியிலிருந்து 36 அடிக்கு. ஒவ்வொரு தடவையும் ஆசை ஒன்றுதான்: சிறுபோகத்துக்கு, அதாவது சித்திரையில் தொடங்கும் கோடை நெல்லுக்கு, இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

வெள்ளத்தைத் தாங்க வேண்டுமென்றால் குளத்தில் இடம் இருக்க வேண்டுமே! உங்கள் மேட்டூர் கர்நாடகத்து மழையில் ஆடியில் நிரம்பும், டெல்டாவின் பெருமழை ஐப்பசியில் வரும். எங்களுக்கு இரண்டும் ஒன்றாக, கார்த்திகை மார்கழியில். குளம் முட்டி நிற்கும் அதே கிழமையில்தான் வானமும் பிளக்கிறது. மிகுதித் தண்ணீரை வெளியேற்றும் வான்கதவை முன்கூட்டியே திறந்துவிட்டு மழை நின்றுபோனால், சித்திரையில் சிறுபோகப் பங்கு, அதாவது இருக்கும் தண்ணீருக்கேற்ப ஒவ்வொருவருக்கும் விதைக்கக் கிடைக்கும் அளவு, குறையும். இரண்டு ஏக்கர் கேட்டவனுக்கு ஒரு ஏக்கர்கூடக் கிடைக்காது. கதவடியில் நிற்பவரின் சங்கடம் எனக்கு விளங்குகிறது.

2018 டிசம்பர் 7ஆம் திகதி, திருத்திய குளத்தை ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். சரியாக இரண்டு கிழமையில், 21ஆம் திகதி இரவு பெருமழை. முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளை எல்லாம் தண்ணீருக்குள். கதவைப் பிந்தித் திறந்தார்களா என்று பிறகு விசாரணையும் நடந்தது. வெள்ளம் வடிந்தபின் பன்னங்கண்டியில் ஒரு வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல் ஊறி, சாக்கின் இழைகளுக்கு வெளியே வெள்ளை முளை விட்டிருந்தது. அந்த வீட்டுக்காரி பிள்ளையின் கொப்பிகளை ஒவ்வொரு ஒற்றையாகப் பிரித்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மை முழுவதும் கரைந்துபோயிருந்தது. அப்படியும் காயப்போட்டார்.

அன்றிலிருந்து நான் சொல்லிவருவது இதுதான்: புதிதாகக் கிடைத்த அந்த இரண்டு அடியை மார்கழி முடியும்வரை வெறுமையாக விடுங்கள். தை மழையில் நிரம்பினால் நிரம்பட்டும். நிரம்பாவிட்டால் பங்கு குறைந்த கமக்காரருக்கு அரசு நட்டஈடு கொடுக்கட்டும். கமக்காரர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. அந்த நட்டஈட்டை யாராவது எழுத்தில் தரும்வரை அவர்கள் சம்மதிக்கமாட்டார்கள், நானும் கேட்பதை நிறுத்தமாட்டேன்.