காட்டோரத்தில் ஒரு வீடு - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். இந்தோனேசியாவின் மேடான் நகரில் நீங்கள் இருந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, போன வருடம் நானும் மனைவியும் சுமத்ராவில் புக்கிட் லாவாங் போனோம். நான்கு நாளில் திரும்புவதாகத் திட்டம். பதினோரு நாள் இருந்துவிட்டோம். காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது எதிர்மரத்தில் ஒராங்குட்டான் குட்டியோடு உட்கார்ந்திருந்ததை இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

சிங்கப்பூரில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இன்னும் இரண்டு வருடத்தில் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நாங்கள் தங்கிய விடுதிக்காரர் ஆற்றோரமாக, பத்துப் பன்னிரண்டு ரப்பர் மரங்களோடு ஒரு நிலத்தையும் அதிலிருக்கும் மர வீட்டையும் காட்டினார். அவர் சொன்ன விலையில் எங்கள் ஊரில் பாதி மனைகூட வாங்க முடியாது. ஊர்த்தலைவர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, நிலத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்வோம், உள்ளுக்குள் உங்களுடையது என்கிறார். நல்ல மனிதர். இரண்டு அறை சேர்த்துக் கட்டிப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்றும் ஒரு எண்ணம். மேடானில் தமிழர்கள் இருப்பதால் துணைக்கும் ஆள் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள் மனைவி.

கே., சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி கேட்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அங்கே போய் இருங்கள், தாராளமாக இருங்கள். அந்த நிலத்தை மட்டும் வாங்காதீர்கள்.

இந்தோனேசியாவில் நிலத்தின் முழு உரிமைக்கு ஹக் மிலிக் என்று பெயர். 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி தனி ஆட்களில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே அது கிடைக்கும். வெளிநாட்டுக்காரர் பெறக்கூடியது ஹக் பாக்காய், அதாவது பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. முதலில் 30 வருடம், பிறகு 20 வருட நீட்டிப்பு, அப்புறம் 30 வருடப் புதுப்பிப்பு. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை ஒன்றை அரசு வைத்திருக்கிறது. நீங்கள் பார்த்த மர வீடு அதன் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் விடுதிக்காரர் "என் பெயரில்" என்கிறார்.

இதை நாம் பினாமி என்போம். அங்கே ஊருக்கு ஊர் நடக்கிறது, பாலியில் இன்னும் அதிகம். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவைச் சொல்கிறேன். முழு உரிமையை நேராகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. விடுதிக்காரர் நல்லவர் என்பதை நான் சந்தேகப்படவில்லை. நாளைக்கு அவர் காலமானால், அவர் பிள்ளைகளுக்கும் மருமகன்களுக்கும் நீங்கள் யார்?

அடுத்தது அந்தத் தாள். அதை 'சூராத் கெதராங்கான் தானா' என்பார்கள். இன்னார் இந்த நிலத்தை அனுபவித்துவருகிறார் என்று ஊர்த்தலைவர் தரும் கடிதம், அவ்வளவுதான். நம் ஊரில் விஏஓ தரும் அனுபவச் சான்று மாதிரி. நில அலுவலகம் அளந்து, பதிந்து தரும் சான்றிதழ் வேறு.

நானே இதில் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். மேடானுக்குத் தெற்கே மலைமேல் ஒரு கிராமத்தில், உடன் வேலை பார்த்த நண்பர் பெயரில் ஒரு துண்டு நிலம் வாங்க மூன்று கோடி ரூப்பியா முன்பணம் கொடுத்தேன். அன்றைக்கு நம் பணத்தில் ஒன்றரை லட்சம் இருக்கும். ஊர்த்தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினோம். மேட்டராய் என்ற வருவாய் வில்லையை எச்சில் தொட்டு ஒட்டினார் ஒருவர். அப்போது அது ஆறாயிரம் ரூப்பியா, இப்போது பத்தாயிரம். கையெழுத்தில் பாதி வில்லையின் மேலும் பாதி தாளிலும் விழ வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அப்படியே போட்டேன். வில்லை பளபளவென்று இருந்தது, ஊர் முத்திரை நீலமாக விழுந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு ஒரு ஊரே சொந்தமானதுபோல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து இன்னொருவர் வந்தார். அவர் கையிலும் அதே நிலத்துக்கு ஒரு தாள், அதே நீல முத்திரை. பழைய தலைவர் கொடுத்தது. யாரும் என்னை ஏமாற்றத் திட்டம் போடவில்லை. ஒரு குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளாத நிலத்தை ஆளுக்கொரு பக்கம் விற்றிருந்தார்கள். பணம் வரவில்லை. நண்பரும் நானும் அதன் பிறகு பழையபடி பேசிக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் அதிக வருத்தம்.

புக்கிட் லாவாங்கில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊரை ஒட்டியே குனுங் லெயுசர் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 2004இல் அதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 2011இல் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. சாலையும் ஆக்கிரமிப்பும் மரவெட்டும் காரணம். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 'காட்டுப் பகுதி' என்று வகைப்படுத்தப்பட்டது. அதற்குள் கிடக்கும் நிலத்துக்குச் சான்றிதழ் கிடைக்காது, அதில் நூறு வருடமாக ரப்பர் மரம் நின்றாலும் சரி. அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்று ஆற்றோரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. அதே லங்காட் மாவட்டத்தின் வடக்கே பெசித்தாங் பக்கம், பூங்காவுக்குள் வைத்த எண்ணெய்ப்பனைகளை அதிகாரிகள் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள்.

அறைகள் கட்டி வாடகைக்கு விடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர் தொழில் செய்ய அதற்கான நிறுவனம் தொடங்க வேண்டும். முதலீட்டுத் திட்டம் ஆயிரம் கோடி ரூப்பியாவுக்கு மேல் இருக்க வேண்டும், உங்கள் சிங்கப்பூர் டாலரில் ஏழெட்டு லட்சம். வேலை அனுமதி இல்லாமல் விடுதி நடத்தினால் நாடு கடத்திவிடுவார்கள். தவிர, அந்த ஊர்க்காரர்கள் பிழைப்பதே அறை வாடகையிலும் வழிகாட்டும் வேலையிலும்தான். 1973இல் இரண்டு சுவிஸ் பெண்மணிகள் ஒராங்குட்டான் மறுவாழ்வு நிலையம் தொடங்கிய பிறகு, மெல்ல மெல்ல அவர்கள் கட்டிக்கொண்ட பிழைப்பு அது.

இனி வாழ்க்கை. நீங்கள் போனது ஜூலையா? பதினோரு நாளில் நல்ல பக்கத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் துணி காயாது. செருப்பில், பெல்ட்டில், புத்தக அட்டையில் பூஞ்சை படரும். சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் விட்டால் குரங்கு சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போகும். மின்சாரம் போகும், வரும். டெங்கு உண்டு. மேடான் 90 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து போக முடியாது. பாதி வழி எண்ணெய்ப்பனைத் தோட்டம், குழி விழுந்த சாலை, லாரிகள். விமான நிலையம் மேடானுக்கு அந்தப் பக்கம். ஐம்பது வயதுக்கு மேல் நெஞ்சு வலி வந்தால் அந்த மூன்று மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் மனைவிக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இதையெல்லாம் மீறி அந்த ஊரின் மேல் எனக்கு இருக்கும் பிரியம் குறையவில்லை. காரோ மக்களும் மலாய்க்காரர்களும் ஜாவாக்காரர்களும் கலந்த ஊர். யார் வீட்டில் சாவு என்றாலும் தெரு முழுக்க வந்து சமைக்கும். ஆனால் அந்த அன்பு உங்கள் பணத்தை நம்பி வருவதில்லை. அவர்கள் மொழியான பஹாசாவில் பேசத் தெரிந்தால், துக்கத்துக்குப் போய் உட்கார்ந்தால், அது தானாக வரும்.

மேடான் தமிழர்களைத் துணை என்று நினைப்பது சரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேடானைச் சுற்றியிருந்த டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆனால் இளையவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது, அவர்கள் மேடான்காரர்கள். அன்பாக இருப்பார்கள். காட்டோரத்து நில வழக்குக்கு அவர்களை இழுக்காதீர்கள்.

என் யோசனை, வாங்காமல் ஒரு வீட்டை வருடக் கணக்கில் வாடகைக்கு எடுங்கள். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. முறையான தங்கும் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதிக்காரருக்கும் அதில் வருமானம், நட்பும் கெடாது. முதல் தடவை செப்டம்பரில் போய் டிசம்பர் வரை இருங்கள். அந்த நிலம் ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர் என்று நீங்களே அடி வைத்து அளந்து பாருங்கள். ஊர்ப்புறத்தில் கரை கட்டாத ஆற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் விட வேண்டும் என்பது அங்குள்ள விதி.

2003 நவம்பர் 2ஆம் தேதி, நோன்பு மாதத்தில், இருட்டிய பிறகு, புக்கிட் லாவாங் வழியே ஓடும் பஹோரோக் ஆற்றில் வெள்ளம் வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை, மேலேயிருந்து பெரிய பெரிய மரக்கட்டைகளும் வந்தன. 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சுமார் 400 வீடுகளும் 35 விடுதிகளும் போயின. அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று உங்கள் விடுதிக்காரரிடம் ஒரு மாலை நேரத்தில் கேளுங்கள். இடையில் எதுவும் பேசாமல் அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். மறுநாள் காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு அந்த நிலத்துக்குப் போய், தண்ணீர் எதுவரை வந்தது என்று காட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்.